“ஸ்கோர் என்ன?” என்று கேட்க மறந்தோம்

2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு காலைப்பொழுது. மல்வேர்ன் ரவுண் சென்ரருக்கு மருந்து வாங்கச் சென்றிருந்தோம். கோப்பிக் கடையின் முன்னுள்ள மேசைகளில் எமது முதியவர்கள் சிலர் வழமைபோலக் கூடியிருந்தனர். அவர்களுள் எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எம்மைக் கண்டதும் கையசைத்து அழைத்தார்.

“மாஸ்டர், மத்தியூஸ் டெஸ்டை விட்டிட்டான். கடைசி மட்ச் காலியிலை முடிஞ்சுது. பாத்தனீங்களோ?”

நாம் பார்க்கவில்லை. அப்படியோர் ஆட்டம் நடைபெற்றதே எமக்குத் தெரியாது. “வேலைக் கரைச்சல் ஐயா” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நகர்ந்தோம். ஆயினும் வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி எம்மை விடவில்லை.

தமிழ்த் தகப்பனுக்கும் பறங்கித் தாய்க்கும் பிறந்தவர் அஞ்சலோ மத்தியூஸ். 2009 யூலையில் காலி மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தமது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடினார். 2025 யூனில் அதே காலியில், பங்களாதேசத்திற்கு எதிராகத் தமது 119ஆவது ஆட்டத்துடன் விடைபெற்றார். 8,000க்கு மேற்பட்ட ஓட்டங்களைக் குவித்தவர். இந்தப் பதினாறு ஆண்டுகளில் அவர் ஆடிய ஓர் ஆட்டத்தையேனும் நாம் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்ததில்லை. ஒரு வீரரின் வாழ்நாள் ஆட்டம் முழுவதும் எமது முதுகிற்குப் பின்னால் நடந்து முடிந்துவிட்டது.

இதை வாசிக்கும் எம் வயதினர் சிலர் புன்னகைக்கக்கூடும். “இதுவும் ஒரு கவலையா?” என்று கேட்கவும் கூடும். எம்மை அறிந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஏனெனில், நாம் கிரிக்கெட் பைத்தியம் என்று ஊரிற் பெயர் வாங்கியவர்கள்.

எமக்கு அந்தப் பைத்தியத்தை ஏற்றியவர் எமது தகப்பனார். மகாதேவன் சதாசிவம் 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் எடுத்த கதையை, தாமே எதிர்முனையில் நின்றவர் போலச் சொல்லுவார். 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கை தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துடன் ஆடத் தொடங்கியபோது எமக்கு வயது பதினான்கு. கொழும்பில் அந்த ஆட்டம் நடந்த மைதானம் தமிழ் யூனியன் கழகத்தினது. பாக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழரின் பெயரைத் தாங்கியது. “பார்த்தாயா, எங்கள் மைதானத்தில்தான் தொடங்குகிறது” என்று தகப்பனார் பெருமை கொண்டார். அப்பியாசக் கொப்பியிற் கோடு கீறி, வானொலியின் அருகிலிருந்து ஒவ்வொரு பந்தையும் குறித்தோம். ஏழு விக்கெட்டுகளால் இலங்கை தோற்றது. ஆயினும் அந்தக் கொப்பி பல ஆண்டுகள் எமது பெட்டியில் இருந்தது. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இரவில், அந்தப் பெட்டியும் வீட்டோடு நின்றுவிட்டது.

கிரிக்கெட்டின் மீது நாம் கொண்ட பற்றின் உச்சம் எதுவென்று கேட்டால், 1992 ஓகஸ்ட் மாதத்தையே சொல்வோம். அப்போது நாம் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவர்கள். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலத்தை எம்மவர் எவரும் மறந்திருக்க முடியாது. அந்த ஓகஸ்டில், கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அவுஸ்திரேலியாவை வெல்ல இலங்கைக்கு 181 ஓட்டங்களே தேவைப்பட்டன. இரண்டு விக்கெட் இழப்பிற்கு 127 ஓட்டங்கள் என்ற நிலை. வெற்றி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

எமது வகுப்பு மாணவன் ஒருவன் அன்று மிதிகட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். விக்கெட்டுகள் சரியத் தொடங்கின. ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் அவனது கை தளர்ந்துவிடும். வானொலியின் குரலும் தேய்ந்துவிடும். “சுத்தடா, சுத்தடா” என்று எல்லோரும் கத்துவோம். ஷேன் வோர்ன் என்ற, அன்று எவரும் அறிந்திராத இளைஞர் ஓர் ஓட்டமும் கொடாது இறுதி மூன்று விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். இலங்கை 164 ஓட்டங்களுக்குச் சுருண்டு, 16 ஓட்டங்களால் தோற்றது. அந்த மாணவன், தனது கை ஓய்ந்தமையாற்றான் தோற்றதென்று எண்ணியவன் போல, தலைகுனிந்து நின்றான். அவன் இன்று எங்கே இருக்கின்றான், இருக்கின்றானா என்பதை நாம் அறியோம்.

அடுத்த டெஸ்ட்டில், அதே மாதம் 28ஆம் திகதி, முத்தையா முரளிதரன் அறிமுகமானார்.

கனடா வந்த பின்பும் ஆர்வம் குன்றவில்லை. 1998 ஓகஸ்ட் இறுதியில் இலண்டன் ஓவல் மைதானத்தில் முரளி இங்கிலாந்தின் 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போது நாம் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை செய்துகொண்டிருந்தோம். அங்கு காலை பதினொரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கு அதிகாலை ஆறு மணிக்கு. வேலை முடிந்து பேருந்தில் மல்வேர்ன் வந்ததும், உடை மாற்றாமலே இலண்டனிலிருந்த தம்பியாரைத் தொலைபேசியில் அழைப்போம். அவர் கைபேசாது, தொலைபேசியை வானொலியின் அருகில் வைத்துவிடுவார். தொலைபேசி அட்டையின் நிமிடங்கள் தீரும்வரை கேட்போம். இல்லத்தரசியார் கணக்குக் கேட்டபோது, “தம்பிக்குச் சுகமில்லை” என்றோம். டெஸ்ட் கிரிக்கெட்டிற்காக நாம் சொன்ன பொய்கள் பல. அவ்வாட்டத்தைத் தெரியாது என்பதை மறைக்கப் பொய் சொன்னது 2025இற்றான் முதற்றடவை.

எனவே, இந்த ஆர்வம் எங்கே போயிற்று என்று நாமே எம்மை விசாரித்துப் பார்த்தோம்.

எம்மவரிடையே இதுபற்றி எப்போதும் இரு கருத்துகள் இருந்துள்ளன. 1984 ஓகஸ்டில் இலங்கை அணி லோர்ட்ஸ் மைதானத்தில் முதன்முதலாக டெஸ்ட் ஆடியபோது, கறுப்பு யூலை நடந்து ஓராண்டே கழிந்திருந்தது. தமிழர் சிலர் மைதானத்தினுட் புகுந்து ஆட்டத்தைத் தடுத்தனர். அதே ஆட்டத்தில் சிதத் வெத்தமுனி 190 ஓட்டங்கள் எடுத்தார். மைதானத்தில் இறங்கியவர்களின் நியாயமும் எமக்கு விளங்கியது. வெத்தமுனியின் துடுப்பாட்டமும் எமக்கு இனித்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து ஆண்டுகள் ஓட்டினோம். முரளி இருந்தமையால் அது ஓரளவு இலகுவாயிற்று.

2009இல் அது இயலாமற் போயிற்று. அவ்வாண்டு மார்ச் 3ஆம் திகதி, லாகூரில் டெஸ்ட் ஆட்டத்திற்குச் சென்றுகொண்டிருந்த இலங்கை அணியின் பேருந்தின் மீது ஆயுததாரிகள் சுட்டனர். காவலுக்குச் சென்ற பொலிசார் உயிரிழந்தனர். திலான் சமரவீர முதலிய வீரர்கள் காயமுற்றனர். அந்தப் பேருந்தில் முரளியும் இருந்தார். அதே நாட்களில் நாம் வன்னியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வராதா என்று ஏங்கியிருந்தோம். லாகூர்ச் செய்தியைக் கேட்டபோது எம் மனத்தில் எதுவுமே எழவில்லை. மகிழ்ச்சி இல்லை, இரக்கமும் இல்லை. பிறர் துயருக்கு இரங்குதலே கல்வியின் பயன் என்று வகுப்பறையிற் படிப்பித்தவர்கள் நாம். அந்த வெறுமை எம்மை அச்சப்படுத்தியது. வீரர்கள் எவரையும் நாம் வெறுக்கவில்லை. ஆனால், அவர்கள் எடுக்கும் ஓட்டங்களை எண்ணும் மனம் எம்மிடம் இருக்கவில்லை. அவ்வாண்டின் வசந்தகாலத்தை இந்நகரத் தமிழர் பல்லாயிரவரைப் போல நாமும் யூனிவேர்சிற்றி வீதியிற் பதாகை ஏந்திக் கழித்தோம். மே மாதம் போர் முடிந்தது. யூலை மாதம் மத்தியூஸ் ஆட வந்தார். நாம் பார்க்கவில்லை.

2010 யூலையில் முரளி தமது 800ஆவது விக்கெட்டை வீழ்த்தியதைக்கூட மகன் சொல்லியே அறிந்தோம்.

ஆயினும் பழி முழுவதையும் அந்த ஓராண்டின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. அதற்கு முன்னரே சலிப்புத் தொடங்கிவிட்டது. 1997 ஓகஸ்டில் கொழும்பில் இந்தியாவிற்கு எதிராக இலங்கை 6 விக்கெட் இழப்பிற்கு 952 ஓட்டங்கள் குவித்தது. சனத் ஜயசூரிய தனியொருவராக 340. உலக சாதனைதான். ஆனால், ஐந்து நாளில் இரு அணியிலும் வீழ்ந்த விக்கெட்டுகள் பதினான்கு மட்டுமே. பந்து வீசுபவனுக்கு எந்த நியாயமும் வழங்காத ஓர் ஆடுகளத்தில் எடுக்கும் ஓட்டங்களில் என்ன சுவை இருக்கின்றது என்று அன்றே எண்ணினோம்.

ஆட்டத்தை நடத்துபவர்களும் அதைக் கைவிட்டுவிட்டனர். 2025இல் இலங்கை அணி ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் நான்கே. இரண்டு ஆட்டங்களுடன் ஒரு தொடர் முடிந்துவிடுகின்றது. இந்தியா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் தமக்குள் ஐந்து ஆட்டத் தொடர்களை ஆடுகின்றன. ஏனையோருக்கு எஞ்சியது இவ்வளவே. நேரமும் எமக்கு உதவவில்லை. கொழும்பிற் காலை பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கு கோடையில் நள்ளிரவு பன்னிரண்டரை மணிக்கு. விடிய வேலைக்குப் போகவேண்டியவன் எவ்வாறு விழித்திருப்பது?

இருபது ஓவர் ஆட்டமே எல்லாவற்றையும் கெடுத்தது என்று எம் வயதினர் சொல்வதுண்டு. நாமும் சொல்லியிருக்கின்றோம். ஆனால், யாழ். மத்திய கல்லூரியில் உருவான விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற சுழற்பந்து வீச்சாளர் 2024 மே மாதம் இந்தியாவின் ஐ.பி.எல். போட்டியில் ஹைதராபாத் அணிக்காக ஆடினார். யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவனுக்கு உலகம் கதவு திறந்தது அந்த இருபது ஓவரிற்றான். அதை அறிந்த பின்னர் எமது வாய் சற்று அடங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் இழந்துவிட்டோம் என்று எண்ணுகின்றோம். மகன் சிறுவனாக இருந்தபோது கேட்டான்: “அஞ்சு நாள் விளையாடியும் ஒருத்தரும் வெல்லேல்லையே அப்பா? அப்ப ஏன் விளையாடினவை?” வெல்ல முடியாது என்று தெரிந்தபின்பும், தோற்காமல் கடைசி ஓவர்வரை நிற்பதும் ஓர் ஆட்டமே என்று விளக்கினோம். அவனுக்கு விளங்கவில்லை. அகதிக் கோரிக்கையின் முடிவிற்காகக் காத்திருந்து, குடும்பத்தைக் கூப்பிடக் காத்திருந்து, இரண்டு வேலை செய்து நின்றுபிடித்த எம் தலைமுறைக்கு அது விளக்காமலே விளங்கும். அவனுக்கு விளங்கவில்லையாயின், அவன் அவ்வாறு காத்திருக்க நேரவில்லை என்பதே பொருள். அதற்காகத்தானே இங்கு வந்தோம்? இதில் நாம் குறைப்பட எதுவுமில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்றோம். கோப்பி ஒன்றை வாங்கி அவர்முன் வைத்து, “ஸ்கோர் என்ன ஐயா?” என்று கேட்டோம்.

முகம் மலர்ந்துவிட்டது. கொழும்பில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டில் மத்தியூஸ் இல்லாத இலங்கை அணி ஓர் இனிங்ஸாலும் 78 ஓட்டங்களாலும் வென்றுவிட்டது என்றார். பத்தும் நிசங்க 158 ஓட்டங்கள் எடுத்ததை ஓர் அடி விடாமல் விபரித்தார். உறக்கம் வராத வயது. பேரன் ஒழுங்கு செய்து கொடுத்த சிறு திரையில் இரவிரவாகப் பார்க்கின்றாராம். நான்கு நாள் ஆட்டத்தை அரை மணித்தியாலத்திற் சொல்லி முடித்துவிட்டு, கோப்பியைக் கையில் எடுத்தார்.

“வீட்டிலை எல்லாரும் நல்ல பிள்ளையள் மாஸ்டர். ஒரு குறையும் விடேல்லை. ஆனா ஒருத்தரும் ஸ்கோர் கேக்கிறேல்லை.”

டெஸ்ட் கிரிக்கெட்டின் மீது எமக்கிருந்த பழைய ஆர்வம் இனித் திரும்பும் என்று நாம் நம்பவில்லை. திரும்பாவிட்டாலும் பெரும் நட்டம் எதுவும் இல்லை. ஆனால், தகப்பனாரும், தம்பியாரும், மிதிகட்டை சுற்றிய அந்த மாணவனும் இல்லாமல் நாம் தனியே ஒருபோதும் ஓர் ஆட்டத்தையும் கேட்டதில்லை என்பதை அன்று அந்த மேசையில் உணர்ந்தோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இரவிரவாக விழித்திருந்து ஆட்டம் பார்க்கும் ஒரு முதியவர் இருக்கக்கூடும். உங்களுக்கு அந்த ஆட்டம் விளங்கவேண்டியதில்லை. காலையில் வேலைக்குப் புறப்படும்போது, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, “ஸ்கோர் என்ன?” என்று ஒரு சொற் கேட்டுவிட்டுப் போங்கள். பேருந்து இரண்டு நிமிடம் பிந்தினாலும் பாதகமில்லை.