பழைய காரில் "டிக், டிக்" சத்தமா? அலட்சியம் வேண்டாம்!

பழைய அம்பாசடர் காரைப் பிள்ளையைப் போலப் பேணும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆயுத பூஜை அன்று அதற்கு மாலை போடுகிறார்கள். மழை வந்தால் உறை போட்டு மூடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குகிறார்கள். நல்ல காரியந்தான்.

ஆனால் பானெட்டுக்குள் இருந்து "டிக், டிக்" என்று சத்தம் வந்தால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இது தவறு. அந்தச் சத்தம், என்ஜின் புகை ஒழுகும் சத்தமாக இருக்கலாம். பாலிஷுக்குப் பணம் கொடுக்கும் முன்பு, அந்த ஒழுகலை அடைக்க வேண்டும். காரின் அழகு பிறகு. காருக்குள் இருப்பவர்களின் உயிர் முதலில்!

எங்கே ஒழுகுகிறது?

என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. எரிந்த புகை வெளியேற வேண்டும். இதற்காக, என்ஜினின் பக்கத்தில் கிளைகள் உள்ள ஒரு வார்ப்பிரும்புக் குழாய் இருக்கும். இதற்கு "எக்ஸாஸ்ட் மேனிபோல்டு" என்று பெயர். சிறு வாய்க்கால்கள் பெரிய வாய்க்காலில் சேருவது போல, எல்லா சிலிண்டர்களின் புகையும் இதில் வந்து சேருகிறது. பிறகு சைலென்சர் வழியாக, காரின் பின்பக்கம் போய்விடுகிறது.

மேனிபோல்டும் என்ஜினும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். அதுதான் "காஸ்கெட்". புகை கசியாமல் காப்பது அதன் வேலை.

இரும்பு சூடேறினால் நீளும், ஆறினால் சுருங்கும். அரை மீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு, 500 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். காரை எடுக்கும்போதெல்லாம் இது நடக்கிறது. பல ஆண்டுகள் இப்படி நீண்டு சுருங்கினால் என்ன ஆகும்? நட்டு தளரும். காஸ்கெட் கருகும். மேனிபோல்டு வளையும். சில சமயம் விரிசலும் விடும்.

அம்பாசடர் கார், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டிச் செய்யப்பட்டது. மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாரா தொழிற்சாலையில், 2014ஆம் ஆண்டு அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகவே, கடைசியாக வந்த அம்பாசடருக்கும் இன்று பத்து வயதுக்கு மேல் ஆகிறது.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

"கொஞ்சம் புகைதானே!" என்று சிலர் சொல்வார்கள். அந்தப் புகையில் "கார்பன் மோனாக்சைடு" என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தம் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட, இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அப்போது உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

முதலில் தலை வலிக்கும். பிறகு தலை சுற்றும், குமட்டும், தூக்கம் வரும். "பயண அலுப்பு" என்று பெரியவர்கள் நினைப்பார்கள். பின்சீட்டில் குழந்தை தூங்கினால், "காற்றோட்டமாக இருக்கிறது, நன்றாகத் தூங்குகிறது" என்று தாய் நினைப்பாள். விஷம் அதிகமானால் நினைவு தப்பும். உயிரும் போகும்.

காருக்குள் புகை எப்படி வரும்? பெடல் இருக்கும் இடத்தில் துவாரம் உண்டு. ஒயர் போகும் துவாரமும் உண்டு. அவற்றை மூடிய ரப்பர், பழைய கார்களில் காய்ந்து உதிர்ந்திருக்கும். தரைத் தகடும் துருப்பிடித்து ஓட்டையாகி இருக்கும். இந்த வழிகள் போதும்.

"ஜன்னல் திறந்திருக்கிறதே!" என்பது சரியான பதில் அல்ல. மழை பெய்தால் ஜன்னலை ஏற்றிவிடுவார்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடுவது இன்னும் ஆபத்து. ஒழுகல் இல்லாத காரைக்கூட அப்படி ஓடவிடக் கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி?

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். காதும் கண்ணும் போதும்.

காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது காரை வெட்டவெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒழுகல் இருந்தால் "டிக், டிக்" என்று கேட்கும். சூடேறியதும் சத்தம் குறையலாம். இரும்பு நீண்டு இடைவெளியை அடைத்துக்கொள்வதே காரணம். "சத்தம் நின்றுவிட்டது, கோளாறு இல்லை" என்று ஏமாறக் கூடாது.

டாப்பெட் சத்தமும் இதைப் போலவே இருக்கும். எப்படிப் பிரித்து அறிவது? ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறு முனையை மேனிபோல்டு ஓரமாக மெல்ல நகர்த்த வேண்டும். ஒழுகும் இடத்தில் சத்தம் பளிச்சென்று கேட்கும். பேன் சுற்றும் பக்கம் கையோ, சேலைத் தலைப்போ, துண்டோ போகக் கூடாது.

பிறகு என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். காஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அங்கேதான் புகை வருகிறது. சந்தேகம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. என்ஜினை ஓட்டாமல், பின்குழாய் வழியாகக் காற்றடிக்கும் பிளோயரால் காற்றைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவ வேண்டும். குமிழி வரும் இடம் ஒழுகும் இடம். சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்!

அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜினில் இன்னொரு சங்கதி உண்டு. காற்று உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் ஒரே காஸ்கெட். அது கெட்டால் புகை வெளியே கசியும்; வெளிக்காற்றும் உள்ளே நுழையலாம். அப்போது என்ஜின் நின்ற இடத்தில் குலுங்கும். கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்த்தாலும் சரியாகாது.

பசை போதுமா?

ஒழுகும் இடத்தில் பசையைத் தடவி அனுப்புவது சில இடங்களில் நடக்கிறது. குற்றம் மெக்கானிக்குடையது மட்டும் அல்ல. "இன்றைக்கே வண்டி வேண்டும்" என்று அவசரப்படுத்துபவர் யார்? காரின் சொந்தக்காரர்தானே! வளைந்த இரும்பைப் பசை நிமிர்த்தாது. சூட்டில் வெடித்து உதிர்ந்துவிடும்.

சரியான வேலை இதுதான்: துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் முறியும். செலவு இரண்டு மடங்காகும். மேனிபோல்டைக் கழற்றியதும், அதன் முகத்தில் நேரான இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால், லேத்துப் பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவ வேண்டும். விரிசல் இருந்தால், வார்ப்பிரும்பு ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அல்லது வேறு மேனிபோல்டு போட வேண்டும்.

பழைய காஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆகவே அதை நனைத்துத்தான் சுரண்ட வேண்டும். பழைய காஸ்கெட்டைத் திரும்பப் போடவே கூடாது.

புதிய காஸ்கெட் வைத்த பிறகு, நடு நட்டில் தொடங்கி இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரேயடியாக முறுக்காமல், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கார் ஓடி ஆறிய பிறகு, நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில வாரங்களில் ஒழுகல் திரும்பி வருகிறது.

ஒரு நாள் காத்திருங்கள்!

லேத்து வேலைக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். அதுவரை குடும்பம் பஸ்ஸில் போகட்டும். தாத்தா வாங்கிய கார் என்ற பெருமை நியாயமானது. அந்தப் பெருமையோடு பேரப்பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்கார வைப்பவருக்கு ஒரு கடமையும் இருக்கிறது.

அடுத்த தடவை மெக்கானிக்கைப் பார்க்கும்போது, "பெயிண்ட் எப்போது அடிக்கலாம்?" என்று கேட்கும் முன், "மேனிபோல்டு ஒழுகுகிறதா?" என்று கேட்க வேண்டும். ஒழுகினால், முதல் செலவு அதற்குத்தான்!