காரணத்தைச் சொல்லாமல் மெதுவாகும் லேப்டாப்

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று எந்தக் கடைக்கு எடுத்துப் போனாலும் முதலில் வரும் பதில், "பார்மட் அடிச்சிடலாம் சார்." அதற்கும் கேட்கவில்லையென்றால் "ரேம் கூடப் போட்டுக்கங்க." அதுவும் எடுபடாவிட்டால் "போர்டு போயிருக்கும், புதுசா வாங்கிடுங்க." கடைக்காரரைக் குறை சொல்லி என்ன செய்வது? தன் வேகம் ஏன் குறைந்தது என்று அந்த இயந்திரம் அவரிடமும் சொல்வதில்லை, வாங்கியவரிடமும் சொல்வதில்லை. என் ஆதங்கமெல்லாம் அதன் மேல்தான்.

அக்கா மகள் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். அவள் லேப்டாப்பின் சார்ஜர் ஒயர் அறுந்துவிட்டது. அதே வோல்ட், அதே ஆம்பியர் பார்த்துத்தான் வேறு சார்ஜர் வாங்கினார்கள். அதன் பிறகு வேர்டு ஃபைல் திறக்கவே நிமிஷக் கணக்காயிற்று. பார்மட் அடித்தாயிற்று, ரேமும் போட்டாயிற்று. புராஜெக்ட் கொடுக்க வேண்டிய நாள் நெருங்க, பிள்ளை ராத்திரியெல்லாம் அதன் முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் கைக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். அதில் இருப்பது ஐ5-8250யு பிராசஸர். சாதாரணமாக 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும்; தேவைப்பட்டால் 3.4 வரை தாவும். திரையில் இருந்த எண் 0.39. ஃபேன் சத்தமே இல்லை, அடிப்பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கிறது. சந்தேகத்தில் சார்ஜரைப் பிடுங்கினேன். எண் சட்டென்று 3-ஐத் தொட்டது. திரும்பச் செருகினேன், மறுபடி 0.39.

சில கம்பெனி லேப்டாப்களில் சார்ஜர் முனையின் நடுவே ஊசி போல ஒரு பின் இருக்கும். தான் எத்தனை வாட் சார்ஜர் என்பதை அந்த வழியாகத்தான் சார்ஜர் தெரிவிக்கும். அந்தத் தகவல் வராவிட்டால், சார்ஜரால் தாங்க முடியாதோ என்று லேப்டாப் பேட்டரியை ஏற்றாமல் நிறுத்திவிடும். பிராசஸரையும் அடிமட்ட வேகத்துக்கு இறக்கிவிடும். பின் லேசாக வளைந்தாலே போதும், கம்பெனி சார்ஜருக்கும் இதே கதிதான். பிராசஸரில் பிராக்ஹாட் என்று ஒரு சிக்னல் உண்டு. சூடு எல்லை மீறினால் வேகத்தைக் குறைக்க ஏற்பட்டது. பல லேப்டாப்களில் மதர்போர்டும் வெளியிலிருந்து அதை இழுக்கலாம். இழுத்துவிட்டால் பிராசஸர் குளிர்ந்தே இருந்தாலும் பணிந்துதான் ஆக வேண்டும். ஏதோ ஒரு சென்சார் கெட்டு அந்த சிக்னல் விழுந்தபடியே நின்றுவிட்டாலும் இதே நத்தை வேகம்தான்.

வேகத்தைக் குறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 100 டிகிரியைத் தொடும்போது குறைக்காவிட்டால் சிப் என்னாவது? மே மாதத்து வெயிலில், ஃபேனில் தூசி அடைத்து, தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன பழைய லேப்டாப்பைக் காப்பாற்றி வைத்திருப்பதே இந்தக் கட்டுப்பாடுதான். குறைக்கட்டும். குறைத்தேன் என்று சொல்ல வேண்டாமா?

அதற்குத் தெரியாமலும் இல்லை. விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. பிராசஸரின் வேகத்தை சிஸ்டம் ஃபர்ம்வேர் கட்டுப்படுத்துகிறது, இத்தனை விநாடியாக இந்த நிலையில் இருக்கிறது என்று 37 என்ற எண்ணிட்டு அதில் எழுதி வைக்கிறது. யார் போய்ப் பார்ப்பார்கள் அங்கே? கல்லூரிப் பிள்ளையா, பில் போடும் கடைக்காரரா, ஓய்வு பெற்ற வாத்தியாரா? அப்டேட் வந்திருக்கிறது என்று திரை ஓரத்தில் பெட்டி காட்டத் தெரிந்த சிஸ்டத்துக்கு இதைக் காட்டத் தெரியாதா? ஆன் செய்யும்போது ஒரு எச்சரிக்கை காட்டும் மாடல்கள் உண்டுதான். கறுப்புத் திரையில், ஆங்கிலத்தில். மூடி வைத்துத் திறந்தே பழகியவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை.

முடியாத காரியமும் இல்லை. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் குறைத்து வந்தது 2017 டிசம்பரில் வெளியே வந்தது. பேட்டரி மாற்றினாலே சரியாகியிருக்கும் என்று தெரியாமல் புது போன் வாங்கியவர்கள் கொதித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது, 79 டாலர் பேட்டரியை 29 டாலருக்கு மாற்றிக் கொடுத்தது. அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2020-இல் 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரியின் நிலையையும் வேகக் கட்டுப்பாடு நடக்கிறதா என்பதையும் பயனர் கண்ணில் படும்படி வைத்தது. அத்தனை பேர் கொதித்த பிறகுதான் வந்தது என்றாலும், வந்தது.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சரியான சார்ஜர் போட்டதும் வேகம் திரும்பிவிட்டது. ரேமுக்குக் கொடுத்த காசும் அவள் தொலைத்த ராத்திரிகளும் திரும்பவில்லை. விண்டோஸில் தமிழ் இருக்கிறது. 'சார்ஜரை அடையாளம் தெரியவில்லை, அதனால் வேகத்தைக் குறைத்திருக்கிறேன்' என்று அந்தத் தமிழில் ஒரு வரி காட்டியிருந்தால், கடைப்படி ஏறும் முன்பே எங்கள் அக்கா சார்ஜரை மாற்றியிருப்பாள்.