மரவாளும் வாக்குறுதியும்

பொய் சொல்லாதே, பெரியோரை மதி, எளியோருக்கு இரங்கு என்று நாள்தோறும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். சொன்னது செவியில் விழுகிறது. நெஞ்சில் தங்குவதுதான் அரிதாயிருக்கிறது. ஊரில் பாட்டனாரும் பாட்டியும் கதை சொல்லிச் செய்த பணியை, பிழைப்புக்காக வெளியூர் வந்த நாம் அதட்டலால் செய்ய முயல்கிறோம். அயல்நாட்டார் கண்ட வேறொரு வழியை இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

அமெரிக்காவில் வில்லியம் பைரன் ஃபோர்புஷ் என்ற பாதிரியார் 1893-ஆம் ஆண்டில் 'ஆர்தர் அரசனின் வீரர்கள்' என்னும் சிறுவர் சங்கத்தைத் தொடங்கினார். பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் ஆர்தர் மன்னனும், வட்டமேசையைச் சுற்றி அவனுடன் அமர்ந்த குதிரை வீரர்களுமே அதற்கு முன்மாதிரி. ஒவ்வொரு கிளைக்கும் 'கோட்டை' என்று பெயர் இருந்தது. சேர்ந்த சிறுவன் முதலில் ஏவலனாகவும், அடுத்துத் துணைவீரனாகவும், அதன் பின்னரே வீரனாகவும் இருந்தான். ஒவ்வொருவனும் பழைய வீரன் ஒருவனின் பெயரை ஏற்றுக்கொண்டான். அப்பெயருக்கு இழுக்கு வராமல் நடப்பது அவன் கடமையாக இருந்தது. கோட்டையை நடத்தியவர்கள் சிறுவர்களே. உடனிருந்த பெரியவருக்கு, ஆர்தருக்கு அறிவுரை கூறிய 'மெர்லின்' என்பவரின் பெயர் வழங்கப்பட்டது. அவர் யோசனை கூறினாரேயன்றி அதிகாரம் செய்யவில்லை.

பேடன் பவல் 1908-இல் எழுதிய சாரணர் நூலும் இவ்வீரர்களின் ஒழுக்கத்தைச் சிறுவர்க்கு எடுத்துக்காட்டுகிறது. சாரணனின் வாக்கு நம்பத்தக்கது என்பதே அதன் முதல் விதி.

பழங்காலக் குதிரை வீரர் அனைவரும் உத்தமர் என்று கொள்ள வேண்டா. கொள்ளையிட்டோரும் அவருள் உண்டு. சிறுவர் மேற்கொள்வது கதை காட்டும் இலட்சியத்தையே.

இது வெறும் விளையாட்டுத்தானே என்று நாமும் எண்ணியிருந்தோம். நம் மூத்த மகன் சாரணர் படையில் சேர்ந்து உறுதிமொழி எடுத்த சில வாரங்களில் பொருட்காட்சிக்குச் சென்றோம். பத்து வயது வரை அரைச்சீட்டு. அவனுக்கோ பதினொன்று. "கேட்டால் பத்து என்று சொல்" என்றோம். "அப்பா, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேனே" என்றான். குரலில் எதிர்ப்பு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நம்மைப் பார்த்தார்கள். முழுச்சீட்டே வாங்கினோம். உள்ளே என்ன பார்த்தோம் என்பது இன்று நினைவில் இல்லை.

ஆண்டுக்கணக்கில் நாம் சொன்ன புத்திமதி செய்யாததை, தோழர் முன்னிலையில் தானே வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல் செய்துவிட்டது. நம் சங்கத்து ஞாயிறு வகுப்பிலும் பிள்ளைகள் பாரி என்றும் குமணன் என்றும் பெயர் ஏற்று, அதற்கேற்ப நடக்க முயலலாமே! பெண்மக்களுக்கும் ஔவையும் ஆதிமந்தியும் இருக்கிறார்கள்.

பிள்ளை மரவாள் எடுத்தால் பிடுங்காதீர்கள். யாரைக் காக்க அந்த வாள் என்று மட்டும் கேளுங்கள். அவன் விடை சொன்னபின், அதற்கு மாறாக நடக்குமாறு அவனைத் தூண்டாதிருப்பது நம் பொறுப்பு.