இடம் கொடுத்தால் போதுமா?

தொழிற்சாலை நம் ஊருக்கு வந்தாலே பிழைப்பு வந்துவிடும் என்கிறவர்களுக்கு இந்த ஓய்வுபெற்ற வாத்தியாரின் பதில்.

சூரியனில் நடக்கும் அணுக்கரு இணைவைப் பூமியில் நிகழ்த்தப் பார்க்கும் ஐடெர் உலைக்காக ஜப்பானும் ஐரோப்பாவும் மல்லுக்கட்டின. 2005 ஜூனில் பிரான்சின் கதராஷ் வென்றது. ரொக்காஷோவை முன்னிறுத்திய ஜப்பான் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. தலைமை இயக்குநர் பதவி முதலில் ஜப்பானியருக்கே போனது. அதே ஆண்டு டிசம்பரில் சேர்ந்த இந்தியா, கட்டுமானத்தில் சுமார் 9 சதவீதத்தை ஏற்றது. பெரும்பகுதி பணமாக அல்ல, பொருளாக. உலையை மூடிநிற்கும் 3,850 டன் எஃகுக் கலத்தின் பாகங்கள் குஜராத்தின் ஹசிராவில் எல் அண்ட் டி ஆலையில் உருவானவை.

இடமே தராமல் தொழில் கற்றார்கள் அங்கே. இடம் கொடுத்த நாம் என்ன கற்றோம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பாலைகளுக்குக் குறைவில்லை. ஐ.டி.ஐ. முடித்த என் மாணவர்கள் பலருக்குக் கிடைத்ததோ ஒப்பந்தக் கூலிதான்.

மேடையில் முதலீட்டுக் கோடிகளை முழங்குகிறவர்களைக் கேளுங்கள்: எத்தனை பிள்ளைகளுக்கு, எந்தத் தொழிலை, எத்தனை மாதம் கற்றுத் தருவீர்கள்? ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். புகை மட்டும் எங்களுக்கு, தொழில் வேறு ஊருக்கா?