மேட்டூர் அணைக்கும் வயல் மடைக்கும் ஒரே சட்டமா?



சேந்தமங்கலத்திலோ, மல்லசமுத்திரத்திலோ, தாரமங்கலத்திலோ மாலை வேளையில் தெருவிலே நடந்து பாருங்கள். தோளில் ஏணி, இடுப்பில் கருவிப்பை, மோட்டார் சைக்கிளின் பின்புறம் கறுப்புக் கம்பிச் சுருள். இந்தக் கோலத்தில் ஒருவர் எதிர்ப்படுவார். முப்பது ஆண்டுகட்கு முன்பு அவருக்குக் 'கேபிள்காரர்' என்று பெயர். மாடியிலே பெரிய குடையொன்றை நிறுத்தி, வானிலிருந்து இறங்கிய படத்தைத் தெருவுக்குப் பங்கிட்டவர். இன்று அவரோ, அவர் மகனோ, அதே தெருவுக்கு இணையத்தைப் பங்கிடுகிறார். செம்புக் கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது. ஊரார் நாவில் அவர் இன்னமும் கேபிள்காரர்தான்.

அவரைச் சாமானியராக எண்ணிவிட வேண்டாம். நாமக்கல்லில் முட்டை விலை அறிவிக்கப்பட்டதும் அச்செய்தி கோழிப்பண்ணைக்கு எட்டுவது அவர் போன்றோர் இழுத்த இழையின் வழியாக. 2018-ஆம் ஆண்டு முதல், மாநில எல்லை தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் 'இ-வே பில்' எடுத்தாக வேண்டும். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் இணையம் நின்றால் லாரியும் நிற்கும். இளம்பிள்ளைச் சேலை இன்று கைபேசித் திரையிலே விரிந்து அயலூர் வாடிக்கைக்காரரைத் தேடுகிறது. 2020-லும் 2021-லும் பள்ளிக் கதவுகள் பூட்டிக்கிடந்தபோது, நம் பிள்ளைகளுக்கு வகுப்பறையாக இருந்தது எது? அந்தக் கம்பி எட்டிய வீட்டுப் பிள்ளை படித்தது. எட்டாத வீட்டுப் பிள்ளை வேப்பமரத்தடியிலே கைபேசிக் 'கோபுரம்' தேடி அலைந்தது.

இத்தகைய தொழிலைச் செய்பவரின் தலைமீதுதான் சில ஆண்டுகளாக டில்லியிலிருந்து விதிமேல் விதி வந்து விழுகிறது. விதியே கூடாது என்று நாம் வாதாடவில்லை. மேட்டூர் அணைக்கு எழுதிய விதியை அப்படியே வயல் மடைக்கும் எழுதுகிறார்களே, அது முறையா என்று கேட்கிறோம்.

முதலில் சட்டத்தின் பிறப்பைச் சற்றே பார்ப்போம். ஆங்கிலேயர் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டம் 138 ஆண்டுகள் நம்மை ஆண்டது. நாடு குடியரசான பிறகும், தந்தியும் தொலைபேசியும் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 31-ஆவது இனமாகப் போய் அமர்ந்துகொண்டன. மின்சாரமாவது பொதுப்பட்டியலில் இருக்கிறது. இதன் வேடிக்கையைக் காணுங்கள்! கம்பம் நம் மாநில மின்வாரியத்தினுடையது. கம்பம் நிற்கும் தெரு ஊராட்சியினுடையது. கம்பத்தின்மேல் ஓடும் இழைக்கு மட்டும் எசமானர் டில்லியிலே இருக்கிறார்! திருச்செங்கோட்டு 'ரிக்' லாரி ஒன்று உயரம் தெரியாமல் நுழைந்து இழையை அறுத்துக்கொண்டு போனால், அதை ஒட்டவைக்க ஓடுபவர் ஊர்க்காரர். அவர் ஓடலாமா, கூடாதா என்று தீர்மானிப்பவர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்.

பழைய சட்டத்தை மாற்றப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில் வந்தது. 20-ஆம் நாள் மக்களவையில், 21-ஆம் நாள் மாநிலங்களவையில் நிறைவேறிற்று. அந்தக் கூட்டத்தொடரிலே எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். கேள்வி கேட்க வேண்டியவர்கள் வாயிலுக்கு வெளியே நிற்க, உள்ளே சட்டம் நிறைவேறியது. 'உரிமம்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'அங்கீகாரம்' என்றார்கள். சட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும் மன்றத்திலே காட்டிவிட்டு, சதையையும் நரம்பையும் பின்னர் விதிகளாகச் செய்துகொள்வது என்பது ஏற்பாடு. 2024 செப்டம்பரில் டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரை தந்தது. 2025 செப்டம்பரில் அங்கீகாரத்திற்கான வரைவு விதிகளைத் துறை வெளியிட்டது.

இணையச் சேவைக்கு ஒருங்கிணைந்த உரிமம் என்ற பழைய ஏற்பாட்டில் மூன்று பிரிவுகள். நாடு முழுவதற்கும் 'ஏ'. அதற்கு நுழைவுக் கட்டணம் 30 லட்சம். ஒரு தொலைபேசி வட்டாரத்துக்கு மட்டும் 'சி'. அதற்கு 20,000 ரூபாய். 0427 என்ற எண்ணுடைய சேலமும் 04286 என்ற எண்ணுடைய நாமக்கல்லும் அடங்கிய சேலம் வட்டாரம் அப்படிப்பட்ட ஒன்று. இருபதாயிரம்தானே, ஏழைக்கும் எட்டும் படிக்கட்டுதானே என்பீர்கள். படிக்கட்டு தாழ்வானதுதான். படியேறி உள்ளே போனவன் தலையில் என்ன விழுகிறது என்பதைப் பாருங்கள்.

2021 ஜூன் முதல், நம்பகமானதென அரசு ஒப்பிய இடத்திலிருந்து, ஒப்பிய கருவியை மட்டுமே இணைக்கலாம். அதே ஆண்டு டிசம்பரில், வாடிக்கைக்காரரின் இணையப் போக்குவரத்துப் பதிவுகளை ஓராண்டு வைத்திருந்தது போதாது, ஈராண்டு வைத்திரு என்றார்கள். 2022 ஏப்ரலில், கணினித் தாக்குதல் எது நிகழ்ந்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் அறிவி என்றார்கள். 2024 நவம்பரில் தொலைத்தொடர்புச் சைபர் பாதுகாப்பு விதிகள் வந்தன. ஒவ்வொரு நிறுவனமும் 'தலைமைத் தொலைத்தொடர்புப் பாதுகாப்பு அதிகாரி' ஒருவரை நியமிக்க வேண்டுமாம். நாற்பது கோடிக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரரைக் கொண்ட ஜியோவுக்கு இது ஓர் அறையிலே இன்னொரு நாற்காலி. ஆத்தூர்ப் பக்கம் நான்கு பேரை வைத்துக்கொண்டு எண்ணூறு வீட்டுக்கு இணையம் தருபவர் யாரை நியமிப்பார்? ஏணி ஏறுபவரையா? பில் போடும் பெண்ணையா?

பாதுகாப்பு வேண்டாமா என்று சீறுவார்கள். வேண்டும். ஆனால் பதிவுகளைக் காக்க வேண்டுமென்றால், அதற்கான பெட்டகத்தை மாநிலத்துக்குப் பொதுவாக ஒன்று அமைத்து, சிறியவர் அனைவரும் அதிலே சேமிக்க வழி செய்யலாமே! வங்கிப் பெட்டகம் இருக்கும்போது வீட்டுக்கு வீடு இரும்பறை கட்டச் சொல்வார் உண்டோ? தொகையின் அளவுக்கேற்ப, வாடிக்கைக்காரர் எண்ணிக்கைக்கேற்பக் கடமையைப் படிப்படியாக உயர்த்துவதில் பாதுகாப்புக்கு என்ன குறை வந்துவிடும்?

அடுத்து, பணம். உரிமம் பெற்றவர் தம் சரிக்கட்டிய மொத்த வருவாயில் 8 விழுக்காடு கட்டணம் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. வெறும் இணையச் சேவையின் வருவாயை அந்தக் கணக்கிலே சேர்க்கலாமா என்று வழக்கெழுந்தது. பழைய உரிமக்காரருக்கு ஒரு நீதி, புதியவருக்கு வேறு நீதி என்பது செல்லாது என 2019 அக்டோபரில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் கூறிற்று. அதே மாதம் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பெரிய கம்பெனிகளுக்கு எதிராக நிலுவைத் தீர்ப்பளித்தது. பெரியவர்கள் என்ன ஆனார்கள்? 2021 செப்டம்பரில் நான்காண்டுத் தவணை கிடைத்தது. 2025-இல் வோடபோன் ஐடியாவின் அலைக்கற்றை நிலுவையில் 36,950 கோடி ரூபாயை அரசு பங்காகவே மாற்றிக்கொண்டது. ஏறத்தாழ 49 விழுக்காட்டுக்கு அரசு சொந்தக்காரர். அந்தக் கம்பெனி மூழ்கக் கூடாது என்பதை நாமும் ஒப்புகிறோம். இரண்டே பேர் கையில் நாட்டின் பேச்சு முழுவதும் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆனால் கடன் பெரிதானால் கூட்டாளி, சிறிதானால் குற்றவாளி என்ற கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலே கற்றார்கள்?

அந்த 8 விழுக்காட்டில் 5 விழுக்காடு யாருக்காக என்பது பலருக்குத் தெரியாது. கிராமத்தானுக்குத் தொலைபேசி போகவேண்டும் என்பதற்காக 2002-இல் ஏற்படுத்திய பொதுச் சேவை நிதிக்கு அது போகிறது. புதிய சட்டம் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் சூட்டிற்று. பல்லாயிரங்கோடி ரூபாய் அந்த நிதியில் ஆண்டுக்கணக்கில் செலவிடப்படாமலே தேங்கிக் கிடந்தது. செலவான பணமும் பெருந்திட்டம், பெரும் ஒப்பந்தம் என்ற வாய்க்காலிலே ஓடிற்று. கிராமத்தின் பெயரால் வசூல். கிராமத்தில் தொழில் செய்பவருக்கு அதிலே கைநீட்ட வழி இல்லை.

முதலாளித்துவத்தின் கோட்டை என்று நாம் சொல்லும் அமெரிக்காவை ஒருகணம் எண்ணுங்கள். ஊர்ப்புறத்து மின்சாரத்துக்குக் கடன் கொடுத்த சட்டத்தை அவர்கள் 1949-இல் திருத்தி, கிராமியத் தொலைபேசிக் கம்பெனிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுத்தார்கள். உழவர்களே சேர்ந்து நடத்தும் தொலைபேசிச் சங்கங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. 1996-இல் போட்டியைத் திறந்துவிட்ட சட்டத்திலும், பெரிய கம்பெனிகளுக்கு விதித்த சில கடமைகளிலிருந்து கிராமியத் தொலைபேசிக் கம்பெனிகளுக்கு விலக்கு வைத்தார்கள். பெரியதும் சிறியதும் ஒன்றல்ல என்று அவர்கள் சட்டத்திலேயே எழுதினார்கள்.

இங்கே அந்த எண்ணம் உதிக்காமலில்லை. 2005 ஜனவரியில் டிராயே சொன்னது: நூற்றுக்கு ஒரு தொலைபேசிகூட இல்லாத கிராமப் பகுதிகளுக்கென்று சிறு நிறுவனங்களை அனுமதிக்கலாம் என்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு குறைந்த செலவில் கம்பியில்லாத் தொலைபேசிக் கருவியைச் சமைத்துக் காட்டியிருந்தது. உள்ளூர்க்காரரைப் பங்காளியாக்கிக் கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் முயற்சியும் நடந்தது. பரிந்துரை ஏட்டிலே உறங்கிற்று. முயற்சியும் நீடிக்கவில்லை. அன்று அந்தக் கதவு திறந்திருந்தால், இன்று நம் சமவெளியிலே வேறு நிலை இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நடந்திருப்பது என்ன? உரிமம் வைத்திருந்தவர் சுமை தாளாமல் பெரிய கம்பெனியின் முகவராகிறார். முகவர் நாளடைவில் பில் வசூலிக்கும் ஆளாகிறார். கேபிள் தொலைக்காட்சியிலே இதைப் பார்த்துவிட்டோம். 2019 பிப்ரவரியில் புதிய கட்டண முறை வந்து, 100 சேனலுக்கு 130 ரூபாய் என்று வகுத்து, ஒப்பந்தம் வேறு இல்லாவிடில் அதிலே 55 பங்கு மேலே இருப்பவருக்கு, 45 பங்கு தெருவிலே அலைபவருக்கு என்றார்கள். 2025 ஜனவரியில் கேபிள்காரரின் பதிவையும் தலைமை அஞ்சலகத்திலிருந்து எடுத்து டில்லி அமைச்சகத்தின் இணையதளத்துக்கு மாற்றினார்கள். ஆண்டுக்கு 500 ரூபாய் என்பது ஐந்தாண்டுக்கு 5,000 ஆயிற்று. ஆண்டுதோறும் அலையவேண்டாம் என்பது நன்மையே. முன்பு தகராறு வந்தால் சேலத்திலே ஒரு மேசை இருந்தது. இன்று அந்த மேசை இல்லை.

எல்லாமே தீமை என்று சொல்லிவிட மாட்டேன். 2025 ஜூனில் டிராய் பிறப்பித்த ஆணை ஒன்று நல்லது. தேநீர்க் கடையிலோ மளிகைக் கடையிலோ பொது வைஃபை நடத்துபவரிடம், பெருநிறுவனங்கள் வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பு கட்டிற்று. அதுவரை அந்தக் கடைக்காரரைப் பெருங்கம்பெனி போலப் பாவித்துக் கட்டணம் கேட்டார்கள். ஆக, சிறியவரைத் தனியே எண்ணிப் பார்க்க டில்லிக்குத் தெரியும். மனம் வரும்போது செய்கிறார்கள்.

நம் கேபிள்காரரிடமும் குறை உண்டு, தோழர்களே. ரசீது தராதவர் உண்டு. ஒரு தெருவைத் தம் பட்டா நிலமென எண்ணி, இன்னொருவர் கம்பி வந்தால் அறுப்பவர் உண்டு. மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்குக் கையுறையும் இல்லாமல், காப்பீடும் இல்லாமல் வேலை வாங்குபவர் உண்டு. சிறு முதலாளி என்பதற்காகவே அவருக்கு நாம் கொடி பிடிக்கவில்லை. தெருவின் கம்பி தெருவில் உள்ளவரிடம் இருந்தால், குறை சொல்லவும் சண்டை போடவும் நமக்கு ஓர் ஆள் கிடைப்பார், அதற்காகப் பேசுகிறோம்.

மலையாள நாட்டிலே சிறு கேபிள்காரர்கள் தங்கள் சங்கத்தின் வழியாகத் தாமே கம்பெனி அமைத்தார்கள். 'கேரளா விஷன்' இணையம் இன்று நாட்டின் பெரிய கம்பிவழி நிறுவனங்களோடு டிராய் அறிக்கையிலே இடம்பெறுகிறது. ஜவ்வரிசிக்கு 1981-இல் சேகோசர்வ் கண்ட சேலம், முட்டைக்கு ஒன்றுபட்டு விலை சொல்லும் நாமக்கல், இந்த ஒன்றைச் செய்ய முடியாதா? ஆனால் உரிமம் கம்பெனிச் சட்டப்படி பதிவானவருக்கே என்றுதான் விதி இருந்து வந்தது. நெசவுக்கும் பாலுக்கும் தகுந்த கூட்டுறவு, இணையத்துக்கு ஏன் தகாது?

நம் மாநில அரசுக்கும் ஒரு கடமை உண்டு. 2018-இல் அமைந்த தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்தின் வேலை, 12,500-க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோவது. ஊராட்சி அலுவலகத்துச் சுவரிலே பெட்டி மாட்டினால் மட்டும் வீட்டுக்கு இணையம் வந்துவிடாது. பெட்டியிலிருந்து வீடு வரை உள்ள தூரத்தை அறிந்தவர் உள்ளூர்க்காரர். திருத்திய பாரத்நெட் திட்டத்துக்கு 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ஒதுக்கிய ஒன்றிய அரசும், வீட்டு இணைப்புக்கு உள்ளூர்த் தொழில் முனைவோரை நம்பித்தான் இருக்கிறது. அலைவரிசையை மொத்த விலைக்கு, பெரியவர் சிறியவர் என்ற பேதமின்றி, அவர்களுக்கு முதலில் கொடுக்கட்டும். கம்பத்துக்கு வாடகையை ஒரே முறையாக வகுக்கட்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் ஒன்றியத்தில் எத்தனை பேர் சொந்தமாக இணையம் நடத்துகிறார்கள், ஐந்தாண்டுக்கு முன் எத்தனை பேர் நடத்தினார்கள் என்று கணக்கெடுங்கள். எண்ணிக்கைக்கேற்பக் கடமை, கூட்டுறவுக்கும் அங்கீகாரம், டிஜிட்டல் பாரத் நிதியில் சிறியவருக்குக் கடன்: இம்மூன்றையும் தீர்மானமாக எழுதி, ஒரு படியை மாவட்ட ஆட்சியருக்கும், ஒரு படியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும், ஒரு படியை டில்லித் தொலைத்தொடர்புத் துறைக்கும் அனுப்புங்கள். கேபிள்காரரிடம் கையெழுத்து வாங்கும்போது, அவரிடம் கம்பம் ஏறும் தொழிலாளியின் காப்பீட்டையும் கேட்டு, அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.