லாபம் வந்த கம்பெனி ஏன் சம்பளம் கொடுக்கவில்லை?

போன வருஷம் பெரியம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "நீ காமர்ஸ்தானே படிக்கிறே? அண்ணன் கம்பெனியில லாபம் வந்துச்சுன்னு ஏப்ரல் மாசம் கேக் வெட்டினாங்க. ஜூன்லேர்ந்து சம்பளம் வரலை. லாபம் வந்தா காசு இருக்கணுமே, எங்கடா போச்சு?"

அண்ணன் வேலை பார்த்தது ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. பெயர் வேண்டாம். பத்து வருஷமாக நட்டத்தில் ஓடி, முதல் முறையாக லாபம் காட்டிய வருஷம் அது. "பேமெண்ட் வரவேண்டியிருக்கு, வந்ததும் கொடுத்துடறோம்" என்று நான்கு மாதம் சொன்னார்கள். ஐந்தாவது மாதம் அண்ணனே வேலையை விட்டுவிட்டார்.

மூன்று வருஷம் பி.காம் படித்த எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. "அது வந்து பெரியம்மா, அக்ரூவல்னு ஒண்ணு இருக்கு..." என்று இழுத்துவிட்டு, காபி குடித்துவிட்டு நழுவிவிட்டேன். அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் மக்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நமக்கும் இது தேவைப்படும்.

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு.

ஒரு கம்பெனி 36 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஒப்பந்தம் போடுகிறது. மென்பொருள் தரவேண்டும், அதை வாடிக்கையாளருக்கு ஏற்றபடி மாற்றித் தரவேண்டும், மூன்று வருஷம் பராமரிக்கவும் வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே விலை. முன்பணம் 6 லட்சம் வருகிறது. மீதியைத் தவணையாகத் தருவார்கள். முதல் வருஷச் சம்பளச் செலவு 20 லட்சம்.

கையெழுத்தான அன்றே 36 லட்சத்தையும் வருமானம் என்று எழுதினால், முதல் வருஷ லாபம் 16 லட்சம். கேக் வெட்டலாம்.

வேலை மூன்று வருஷம் நடக்கப் போகிறது, அதனால் வருஷத்துக்கு 12 லட்சம்தான் வருமானம் என்று எழுதினால், முதல் வருஷம் 8 லட்சம் நட்டம்.

இரண்டு முறையிலும் பேங்கில் நடந்தது ஒன்றுதான். வந்தது 6 லட்சம், போனது 20 லட்சம். ஆக 14 லட்சம் குறைகிறது.

ஒரே கம்பெனி, ஒரே ஒப்பந்தம். கணக்குக் கொள்கையை மாற்றினால் 16 லட்சம் லாபம் 8 லட்சம் நட்டமாகிவிடுகிறது. சம்பளம் போடுகிற அன்று இந்த இரண்டு எண்ணையும் யாரும் பார்க்கப் போவதில்லை. அன்றைக்குத் தேவை அந்த 14 லட்சம்.

இது கற்பனை. உலகமே பார்த்த நிஜக் கதை ஒன்று இருக்கிறது.

இன்றைக்கு பிட்காயின் என்றாலே மைக்கேல் சேலர் பெயர் வருகிறதே, அவர் 1989-இல் சஞ்சு பன்சாலுடன் சேர்ந்து தொடங்கிய மைக்ரோஸ்ட்ராட்டஜி அடிப்படையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. நிறுவனங்களின் தகவல் குவியலை அலசி அறிக்கை தரும் மென்பொருள் அவர்களுடையது. 1998-இல் 12 டாலருக்குப் பங்கு வெளியிட்டார்கள். டாட்காம் மோகத்தில் 2000 மார்ச் 10 அன்று பங்கின் விலை 333 டாலரைத் தொட்டது.

பத்தே நாளில், மார்ச் 20 அன்று, கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய கணக்குகளைத் திருத்தி எழுதப் போகிறோம் என்றது. அன்று ஒரே நாளில் பங்கு 226.75 டாலரிலிருந்து 86.75 டாலருக்கு விழுந்தது. 62 சதவீதம்!

திருத்தியபோது என்ன ஆயிற்று? 1999-ஆம் ஆண்டு வருமானம் 20.53 கோடி டாலர் என்று சொல்லியிருந்தார்கள். அது 15.13 கோடியானது. 1.26 கோடி டாலர் லாபம் என்றிருந்தது 3.37 கோடி டாலர் நட்டமானது. 1997, 1998 ஆண்டுகளின் லாபமும் நட்டமாகவே மாறியது. அதாவது, லாபத்தில் ஓடுவதாக எல்லோரும் நம்பிய கம்பெனி மூன்று வருஷமாக நட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இல்லாத வாடிக்கையாளர்களை உருவாக்கி போலி பில் போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். முக்கியமான பிரச்சினை, "எப்போது வருமானம் என்று எழுதுவது?" என்பதுதான். அமெரிக்காவில் அப்போது சாஃப்ட்வேருக்கென்றே எஸ்.ஓ.பி. 97-2 என்ற விதி இருந்தது. ஒப்பந்தத்துக்கு ஆதாரம் வேண்டும், பொருள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், விலை உறுதியாகியிருக்க வேண்டும், பணம் வசூலாகும் என்ற நியாயமான நம்பிக்கை வேண்டும். இந்த நான்கும் இருந்தால்தான் வருமானம். மென்பொருளோடு பின்னால் செய்யவேண்டிய வேலையும் சேர்ந்திருந்து, இரண்டையும் தனித்தனியாக விலை பிரிக்க முடியாவிட்டால், வேலை முடிய முடியத்தான் எழுதவேண்டும். மைக்ரோஸ்ட்ராட்டஜி இதை முதலிலேயே எழுதிவிட்டது.

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமான எஸ்.இ.சி. கண்டுபிடித்துச் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. காலாண்டு முடியும்போது சில ஒப்பந்தங்களைக் கையெழுத்து முழுமையாகாமல் வைத்திருப்பார்களாம். காலாண்டு முடிந்தபிறகு, எவ்வளவு வருமானம் காட்டினால் நன்றாக இருக்கும் என்று பார்த்து, அதற்கேற்ப எந்த ஒப்பந்தம் போன காலாண்டுக்கு, எது இந்தக் காலாண்டுக்கு என்று பிரித்து, கையெழுத்துப் போட்டுத் தேதி கொடுப்பார்களாம். பரீட்சை முடிந்தபிறகு எந்தக் கேள்விக்கு எத்தனை மார்க் என்று நாமே முடிவு செய்கிற மாதிரி :-)

2000 டிசம்பரில் எஸ்.இ.சி. தொடுத்த வழக்கில் சேலர், பன்சால், நிதி அதிகாரி ஆகிய மூவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் சமரசம் செய்துகொண்டார்கள். மூவரும் சேர்ந்து சுமார் 1 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தார்கள். தலா 3.5 லட்சம் டாலர் அபராதம் வேறு. தணிக்கை செய்த பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ், முதலீட்டாளர்கள் போட்ட வழக்கை முடிக்க 5.5 கோடி டாலர் கொடுத்தது.

இப்போது பெரியம்மா கேள்விக்குப் பக்கத்தில் வருகிறோம்.

2000 மார்ச் 20 காலையில் மைக்ரோஸ்ட்ராட்டஜியின் பேங்க் கணக்கில் என்ன இருந்ததோ, அறிவிப்பு வந்தபிறகும் அதேதான் இருந்தது. கணக்கைத் திருத்தி எழுதியதால் ஒரு சென்ட் கூடக் குறையவில்லை. வருமானம் என்று எழுதியிருந்ததில் ஒரு பகுதி, இன்னும் செய்யவேண்டிய வேலைக்கான பொறுப்பாக பேலன்ஸ் ஷீட்டில் இடம் மாறியது. அவ்வளவுதான். அப்படியானால் என்ன நட்டம் என்று கேட்கலாம்.

நட்டம் அதற்கு அப்புறம்தான் வந்தது. நட்டத்தில் ஓடும் கம்பெனி மாதாமாதம் வெளியிலிருந்து பணம் வாங்கித்தான் பிழைக்கவேண்டும். வெளியிலிருந்து பணம் வரவேண்டுமானால் கணக்கை நம்பவேண்டும். அந்தச் சமயத்தில் புதிதாகப் பங்கு விற்றுப் பணம் திரட்டத் திட்டமிட்டிருந்தார்கள், அதைக் கைவிட நேர்ந்தது. 2000 ஜூனில், பின்னால் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய முன்னுரிமைப் பங்குகளை விற்று 12.5 கோடி டாலர் வாங்கினார்கள். அந்த வருஷ நட்டம் மட்டும் சுமார் 26 கோடி டாலர். முதலீட்டாளர்கள் வழக்கை முடிக்கப் பணத்துக்குப் பதிலாகப் பங்குகளும் கடன் பத்திரங்களும் கொடுத்தார்கள். 2001-இல் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஆட்குறைப்பு. 2002-இல் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போய், பத்துப் பங்கை ஒரு பங்காகச் சேர்த்துத்தான் நிமிர்த்தினார்கள்.

கம்பெனி மூழ்கவில்லை, பிழைத்துக்கொண்டது. ஆனால் வேலை போனவர்களில் எத்தனை பேர் அந்த ஒப்பந்தங்களுக்குத் தேதி போட்டிருப்பார்கள்? அவர்களுக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

இதுதான் என் கருத்து. கணக்குக் கொள்கை பணத்தை நேரடியாகத் தொடுவதில்லை. அது நம்பிக்கையைத் தொடுகிறது. நம்பிக்கை போனால் பணம் போகிறது, பணம் போனால் முதலில் போவது சம்பளம். ஆண்டறிக்கையில் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் "முக்கியக் கணக்குக் கொள்கைகள்" பகுதியை நாம் பரீட்சைக்காகக்கூடப் படிப்பதில்லை. அந்தக் கம்பெனியின் குணம் அங்கேதான் இருக்கிறது.

அக்ரூவல் முறையே தப்பு, ரொக்கம் வந்தால்தான் வருமானம் என்று எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பணம் அடுத்த மாதம் வரும் என்றால் அது இந்த மாத வருமானம்தான். நட்டத்தில் ஓடும் கம்பெனியெல்லாம் மோசம் என்றும் சொல்லவில்லை. வருஷச் சந்தாவை முன்கூட்டியே வாங்கும் சாஃப்ட்வேர் கம்பெனி கணக்கில் நட்டம் காட்டும், கையில் தாராளமாகக் காசு வைத்திருக்கும். முன்கூட்டி வாங்கிய சந்தா பேலன்ஸ் ஷீட்டில் நடப்புப் பொறுப்பாக உட்காரும். அதனால் நடப்பு விகிதம் மோசமாகத் தெரியும். ஆனால் அது வட்டிக்கடைக்காரனுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் மாதிரி இல்லை, வேலை செய்து தீர்க்கவேண்டிய கடன். 2:1 இருந்தால் நல்லது என்று மனப்பாடம் செய்த நமக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. அதே 2:1, வசூலாகாத கடனாளிகளால் வந்திருந்தால் அந்த விகிதம் வெறும் அலங்காரம்.

கொள்கையின் பலம் இன்றைக்கும் அதே கம்பெனியில் தெரிகிறது. 2020-லிருந்து பிட்காயின் வாங்கிக் குவித்த அவர்கள் 2025-இல் ஸ்ட்ராட்டஜி என்று பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். 2024 வரை பிட்காயின் விலை இறங்கினால் நட்டம் எழுதவேண்டும், திரும்ப ஏறினாலும் விற்கும்வரை லாபம் எழுதக்கூடாது. 2025 முதல் புது விதிப்படி சந்தை விலைக்கே எழுதுகிறார்கள். விளைவு? 2025 முதல் காலாண்டில் சுமார் 420 கோடி டாலர் நட்டம். அடுத்த காலாண்டில் சுமார் 1,000 கோடி டாலர் லாபம். சாஃப்ட்வேர் வியாபாரத்தில் வந்த வருமானம் இரண்டு காலாண்டிலும் சுமார் 11 கோடி டாலர்தான்! இந்த முறை எல்லாம் விதிப்படி, வெளிப்படையாக நடக்கிறது. ஆனாலும் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே புரியாது.

நம் ஊரிலும் இப்போது பெரிய கம்பெனிகளுக்கு இந்திய கணக்கியல் தரம் 115 இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறை. வாடிக்கையாளருக்குச் சொன்ன வேலையைச் செய்து முடிக்க முடிக்கத்தான் வருமானம் என்பது அதன் சாரம். விதி நல்ல விதிதான். ஆனால் எந்த வேலை எப்போது முடிந்தது என்று தீர்மானிப்பது மனிதர்கள்தானே.

ஆகவே வேலைக்குச் சேரும் முன் நான் செய்யப் போவது இது. தனியார் கம்பெனியாக இருந்தாலும் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த கணக்கைப் பார்க்கலாம். லாபத்தைக் கடைசியில் பார்ப்பேன். முதலில், வியாபாரத்திலிருந்து ரொக்கம் வந்ததா போனதா? விற்பனை ஏறியதைவிடக் கடனாளிகள் வேகமாக ஏறியிருக்கிறார்களா? மென்பொருள் உருவாக்கிய சம்பளச் செலவைச் செலவாக எழுதாமல் சொத்தாகக் காட்டியிருக்கிறார்களா? வருமானக் கொள்கை போன வருஷம் மாறியதா? கையிலிருக்கும் பணம் எத்தனை மாதச் சம்பளத்துக்கு வரும்? அரைமணி நேர வேலை. இரண்டு வருஷ உழைப்பைக் கொடுக்கப்போகும் இடத்துக்கு அரைமணி நேரம் கொடுக்கக் கூடாதா?

இதெல்லாம் படித்து முடித்துவிட்டு, தீபாவளிக்குப் போனபோது பெரியம்மாவிடம் சொன்னேன். "மூணு வருஷம் செய்யவேண்டிய வேலைக்கு, கையெழுத்துப் போட்ட அன்னைக்கே மொத்தத்தையும் வருமானம்னு எழுதியிருப்பாங்க பெரியம்மா. காசு வரலை."

பெரியம்மா பல வருஷமாகத் தவணைக்குப் புடவை விற்பவர். ஒரு கோடு போட்ட நோட்டில் இந்தப் பக்கம் கொடுத்தது, அந்தப் பக்கம் வந்தது என்று எழுதி வைத்திருப்பார். அந்தப் பக்கத்தைக் கூட்டிப் பார்க்காமல் அடுத்த சரக்கு எடுக்க மாட்டார்.

"புடவையைக் கொடுத்தாவது கணக்கு எழுதுவோம். இவங்க நூலே வாங்காம எழுதியிருக்காங்களா?" என்றார். அப்புறம், "இதுக்கா ஒரு வருஷம் எடுத்துக்கிட்டே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.