எந்த ஊர் என்று கேட்காதீங்கோ

எங்கட பட்ச்சில் நாலு பேர் போன வருசம் கொழும்பில் ஒரு பால்புதுமையினர் அமைப்பில் தன்னார்வமாகச் சேர்ந்தோம். எங்களில் யாருக்கு இது சொந்த விசயம், யாருக்கு இல்லை என்று இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கேட்கிற பழக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தோம்.

போகும்போது எங்கட கற்பனை வேற. வானவில் கொடி, பதாகை, காலிமுகத்திடல் பக்கம் ஒரு ஊர்வலம், கொஞ்சம் படங்கள். கிடைத்தது என்னவென்றால் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரமும் ஒரு தொலைபேசியும். பிரசுரத்தைத் தமிழாக்க வேணும். கிழமையில் இரண்டு பின்னேரம் தமிழில் வருகிற அழைப்புகளை எடுக்க வேணும். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஆட்கள் இருக்கினம், தமிழுக்குத்தான் ஆளில்லை என்றார்கள். எங்களுக்குப் பெருமையாய் இருந்தது.

முதல் இரண்டு கிழமை நாங்கள் எடுத்த அழைப்புகளில் பாதி அரை நிமிசத்தில் அறுந்தது. "வணக்கம்" என்போம், அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கும், பிறகு ஒன்றுமில்லை. லைன் பிழை என்றுதான் நினைத்தோம். அங்கே கனகாலமாக வேலை செய்கிற ஒரு திருநங்கை அக்கா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் சொன்னார்: "பிள்ளையள், லைன் பிழையில்லை. நீங்கள் தமிழ், அதுதான் பிரச்சினை. அதுக்கு மேல எந்த இடம் எண்டும் கேக்கிறீங்கள்."

நாங்கள் கேட்டது உண்மைதான். மரியாதைக்குக் கேட்டது. இரண்டு தமிழர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது எந்தப் பள்ளிக்கூடம், மூன்றாவது ஆற்றை பிள்ளை. நாலாவது கேள்வியே தேவையில்லை, அதுக்குள்ளே சாதி வரைக்கும் தெரிந்துவிடும். வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்து கதைக்கிற ஒரு பெடியனுக்கு எதிர்ப்பக்கக் குரல் தன் மச்சாளின் சிநேகிதியாய் இருக்கலாம் என்கிற பயம் வீண் பயமில்லை. எங்கட சனத்தொகைக்கு அது நடக்கக்கூடிய விசயம்தான். அதனால் முன்பின் தெரியாத சிங்கள ஆளோடு அரைகுறைச் சிங்களத்தில் தன் வாழ்க்கையைச் சொல்ல அவன் துணிவான். தன் மொழியில் சொல்லமாட்டான்.

தமிழ்த் தொண்டர்கள் கூட வேணும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாங்களும் சொல்கிறோம். ஆனால் ஊர் கேட்காமல் அரை மணித்தியாலம் தமிழில் கதைக்கத் தெரிந்த தொண்டர் வேணும். சிரிக்காதீங்கோ, ஒருக்கா முயன்று பாருங்கோ. எங்களுக்கு இரண்டு மாதம் எடுத்தது.

பயத்துக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் விட்டுப்போனவை என்று எங்கட ஆட்கள் லேசாகச் சொல்லிவிடுவார்கள். 365அ பிரிவு 1995இல் திருத்தப்பட்டபோது அது பெண்களுக்கும் பொருந்துகிற மாதிரி அகலமாக்கப்பட்டது. அதைச் செய்தது வெள்ளைக்காரனில்லை, எங்கட நாடாளுமன்றம். 2023இல் இந்தப் பிரிவுகளை மாற்றுவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டமூலம் சட்டமாகவில்லை. இன்னொரு பக்கம், 2016இல் வந்த சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்துப் பிறப்புச் சான்றிதழை மாற்ற வழியிருக்கிறது. இந்த வழியைத் தமிழில் விளக்கி, கூடப் போய் வரிசையில் நின்று, கவுன்டரில் பழைய பெயரைச் சத்தமாய்க் கூப்பிடும்போது பக்கத்தில் இருக்க ஒராள் தேவை. தொண்டர் வேலை என்று நாங்கள் இப்போது நினைப்பது இதைத்தான்.

மொழிபெயர்ப்பில் நாங்கள் விட்ட கூத்தையும் சொல்ல வேணும். 'கமிங் அவுட்' என்பதை 'வெளியே வருதல்' என்று எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசித்த ஒராள், "எங்கயிருந்து, சிறையிலிருந்தா?" என்று கேட்டார். 'வீட்டுக்குச் சொல்லுறது' என்று மாற்றினோம். அப்படித்தான் அவையள் தங்களுக்குள் கதைக்கினம். கலைப்பீடத்தில் மூன்று வருசம் தமிழ் படித்தும் அதைக் கேட்டு எழுத வேணும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தமிழில் 'அவர்' என்ற சொல் ஆணா பெண்ணா என்று காட்டாமல் மரியாதையையும் காட்டும். ஆங்கிலத்தில் இதுக்கு எவ்வளவு சண்டை! எங்களிட்ட இருக்கிற வசதியை நாங்கள்தான் 'அவன்', 'அவள்' என்று எழுதிக் கெடுத்துக்கொள்கிறோம். மேலே போர்டிங் பெடியனுக்கு 'அவன்' போட்டதையும் கவனித்திருப்பீங்கள். கை பழகிவிட்டது.

இன்னொரு கசப்பும் இருக்கிறது. வருச முடிவில் எங்களுக்குச் சான்றிதழும் போக்குவரத்துக் காசும் தந்தார்கள். குழுப்படமும் எடுத்தார்கள். அந்த அக்காவுக்குச் சான்றிதழ் இல்லை. அமைப்பின் அறிக்கையில் அவர் 'பயனாளி'. தொலைபேசி எடுக்க எங்களுக்குப் பழக்கினவர் பயனாளி, பழகின நாங்கள் தொண்டர்! கேட்டோம். நன்கொடையாளரின் படிவத்தில் அப்படித்தான் பகுப்பு இருக்கிறது என்றார்கள். படிவத்தைக் குற்றம் சொல்லித் தப்பலாம். ஆனால் நாங்களும் அந்தச் சான்றிதழை சீவியில் போட்டிருக்கிறோம், எடுக்கவில்லை.

படத்தில் நிற்க அக்கா மறுத்துவிட்டார். நாங்களும் அதைப் போடவில்லை. அதில் நின்ற இன்னொருவரின் வீட்டுக்கு எதுவும் தெரியாது. ஜூன் மாதம் கொழும்புக்கு வந்து ஊர்வலத்தில் செல்பி எடுக்கிற கம்பஸ் நண்பர்களே, பின்னால் நிற்கிற முகங்களிடம் ஒருக்காக் கேட்டுவிட்டுப் போடுங்கோ.

நாங்கள் இந்த வருசமும் போகிறோம். பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கான வழிகாட்டி தமிழில் பாதிதான் முடிந்திருக்கிறது. தமிழில் வேகமாகத் தட்டச்சுச் செய்யக்கூடிய ஆட்கள் இருந்தால் சொல்லுங்கோ. எந்த ஊர் என்று கேட்கமாட்டோம்.